நாக்குக்கு விரதம், மூக்குக்கு வேலை

என் தம்பியின் மகள் தர்ஷினி டுசல்டோர்ஃபில் ஒரு ஹோட்டலில் தொழில் பழகுகிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் தன் போனை என் முன்னால் நீட்டினாள். அவள் வேலை செய்யும் இடத்தில் இனி வைன் சொல்ல ஆள் தேவையில்லையாம். சாப்பாட்டின் பெயரைத் தட்டினால் எந்த வைன் பொருந்தும் என்று அதுவே சொல்லுமாம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்பார்கெல் என்று தட்டிப் பார்த்தேன். ஜேர்மனியர் வசந்த காலத்தில் பைத்தியமாகத் தேடிச் சாப்பிடுகிற அந்த வெள்ளைத் தண்டுதான். இந்த நாட்டு வெள்ளை வைன் மூன்றின் பெயர் வந்தது. ஃபியானோ என்ற இத்தாலிய வெள்ளை வைனைக் காணவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் பெரியப்பா சிரிக்கிறீங்கள்?"

"உது முழுசாச் சொல்லேல்லை. ஸ்பார்கெலுக்கு ஃபியானோவும் பொருந்தும் எண்டு நாப்பது ஜேர்மன்காரருக்கு நான் காட்டினனான். அதுவும் ஒரு சொட்டும் வாயில வைக்காமல்."

அவள் நம்பவில்லை. குடித்துப் பார்க்காமல் வைனைப் பற்றி எப்படிச் சொல்ல ஏலும் என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், நடந்ததை எழுதித் தரவேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். வாசிக்கட்டும், எனக்கும் அவசரமில்லை. வேலையால் நின்ற மனிதனுக்கு நேரம்தானே சொத்து.

என் பெயர் தவராசா. இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் பலரைப்போல நானும் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். பிறகு மரக்கறி வெட்டினேன், பிறகு தட்டுத் தூக்கினேன். கழுவிய கோப்பைகளை அடுக்கி வைத்தால் கொழும்புவரை போகும். அந்தக் கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது, இங்கே வேண்டாம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. ரைன் நதிக்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் இத்தாலிய உணவகத்தில் மேசைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அங்கே பரிமாறுவோருக்குத் தலைமை அசுந்தா. தென் இத்தாலியில் அவெல்லினோ என்ற மலைநாட்டுக்காரி. என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். வயதில் சின்னவர் என்று யாரும் அவரிடம் வாலாட்டியதில்லை. அவர் ஒருநாளும் குரலை உயர்த்திக் கண்டதில்லை. யாராவது பிழை விட்டால் கிட்ட வந்து, கையில் இருப்பதை வாங்கி, தானே சரியாகச் செய்து, திரும்பக் கையில் தருவார். திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டியிருப்பார். எதையும் முதலில் மணந்து பார்ப்பார். பாணை மணப்பார், மேசை விரிப்பை மணப்பார், வெறும் கிளாசையும் மணப்பார். அலுமாரிக்குள் கவிழ்த்து வைத்த கிளாசுக்கு அலுமாரி மணம் வருமாம். நான் முதலில் இது என்ன விசர் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஜேர்மனில் சொன்னதையெல்லாம் நான் எங்கள் தமிழில்தான் எழுதப்போகிறேன். என் காதில் அது இப்போதும் அப்படித்தான் கேட்கிறது.

வைன் பக்கம் நான் போனதற்குக் காரணம் சொதி. வேலைக்காரர்களின் மத்தியானச் சாப்பாட்டை முறை வைத்துச் சமைப்போம். என் முறை வந்தபோது முதலில் நண்டுக்கறி வைத்தேன். அசுந்தா தன் ஊர் ஃபியானோவில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைத் தள்ளி வைத்தார். உறைப்பு வைனைக் கொன்றுவிட்டது என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த முறை தேங்காய்ப்பாலில் மீன் சொதி வைத்தேன். பச்சை மிளகாயை மட்டாகப் போட்டு, கடைசியில் தேசிக்காய் பிழிந்தேன். இந்த முறை அவர் கிளாசை வைக்கவில்லை. எனக்கும் ஒரு வாய் ஊற்றித் தந்தார். அதுவரை வைன் என்றால் எனக்குப் புளிச்ச தண்ணி. அன்றைக்குச் சொதி வாயில் இருக்கும்போது குடித்தேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அது மெல்லக் கழுவிக்கொண்டு போக, பின்னால் ஒரு கொட்டை மணம் வந்தது. சொக்லேட்டுக்குள் போடுவார்களே, ஹாசல்நுஸ், அது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அதன் பிறகு அவரை விடவில்லை. ஃபியானோ எதற்குப் பொருந்தும் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தேன். எருமைப்பால் சீஸுக்குப் பொருந்தும். இறால் போட்ட பாஸ்தாவுக்கும், உப்புப் போட்டு ஓவனில் சுட்ட முழு மீனுக்கும், தேசிக்காயில் வெந்த கோழிக்கும் பொருந்தும். கணவாய்ப் பொரியலுக்குப் பரவாயில்லை. தக்காளி நிறையப் போட்ட குழம்போடு சண்டை பிடிக்கும். ஜேர்மனியர் வெள்ளை வைன் என்றால் பல் கூசும் குளிரில் கேட்பார்கள். அப்படிக் கொடுத்தால் ஃபியானோ வாயைத் திறக்காது. பன்னிரண்டு பாகை வேண்டும். அதற்குக் குளிர்ப்பெட்டியிலிருந்து இருபது நிமிடம் முன்னால் எடுக்கவேண்டும். கத்தியைப் போத்தலின் உதட்டுக்குக் கீழே ஓட்டி உறையை வெட்டி, போத்தல் வாயைத் துணியால் துடைத்து, தக்கையைச் சத்தமில்லாமல் இழுக்கவேண்டும். "போத்தல் பெருமூச்சு விடலாம், கத்தக்கூடாது" என்பார் அசுந்தா. பிறகு தக்கையை மணக்கவேண்டும்; தக்கை கெட்டிருந்தால் வைனில் நனைந்த காட்போட் அட்டைப்பெட்டி மணம் வரும். ஒரு விரற்கடை ஊற்றி, சுழற்றி, கிளாசையும் மணக்கவேண்டும். மணத்தில் சந்தேகம் வந்தால் மட்டும் ஒரு வாய் வைத்துத் துப்பலாம்.

இதில் எனக்கு ஒருமுறை பெரிய அவமானம் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் பூசை முடித்து, கற்பூரம் கொளுத்தி, சந்தனம் பூசிக்கொண்டு நேரே வேலைக்குப் போனேன். ஒரு வழக்கறிஞரும் மனைவியும் ஃபியானோ கேட்டார்கள். திறந்து மணந்தேன். கோயில் வாசலில் நிற்பதுபோல ஒரு மணம். பழுது என்று வைத்துவிட்டு இரண்டாவதைத் திறந்தேன். அதிலும் அதே மணம். மூன்றாவதும் அப்படியே. முழுப் பெட்டியும் பழுது, அனுப்பியவனுக்கு எழுதவேண்டும் என்று அசுந்தாவிடம் போய் முறையிட்டேன். அவர் கிளாசை என் கையிலிருந்து வாங்கி மணந்தார். மேசையில் வைத்தார்.

"கையைக் காட்டு."

காட்டினேன். விரல்களை மணந்து பார்த்தார்.

"உன்ர சாமியின்ர மணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ர வைனுக்குள்ள வேண்டாம்."

அந்த மூன்று போத்தலையும் சமையலுக்கு எடுத்தோம். ஆறு மாதம் என்னை எல்லாரும் சாம்பிராணி ஐயா என்று கூப்பிட்டார்கள். நானும் பட்டபின் புத்தி வந்தவனாக, மணமில்லாத சவர்க்காரம் ஒன்று வாங்கி வேலையிடத்தில் வைத்துக்கொண்டேன். சந்தனத்தை வேலை முடிந்து வந்து பூசினால் அம்மன் கோபிக்கப்போவதில்லை.

இப்படியே ஐந்தாறு ஆண்டுகள் ஓடின. ஒரு வசந்த காலத்தில், தான் பிள்ளைத்தாய்ச்சி என்று அசுந்தா சொன்னார். கோடை முடிய லீவில் போகிறார். வைன் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. முதலாளி, படித்துச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவரை எடுக்க நினைத்தார். அசுந்தா என் பெயரைச் சொன்னார். கோப்பை கழுவ வந்தவன், சான்றிதழ் இல்லாதவன், அரை ஜேர்மன் பேசுகிறவன் என்பதெல்லாம் முதலாளியின் முகத்தில் எழுதியிருந்தது. வாயால் மட்டும் மரியாதையாகச் சொன்னார். ஜூன் மாதத்தில் ஒரு வைன் ரசிகர் வட்டம் வரும். நாற்பது பேர். அந்த விருந்தை நான் நடத்தலாம். ஒரு குறை, ஒரு முணுமுணுப்பு வந்தாலும் புது ஆள்தான் என்றார்.

நான் ஓம் என்றேன். அந்தப் பதவி எனக்கு வேண்டும். ஆசைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இருபது வருடம் மற்றவன் தந்ததைத் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்கு, இதைக் குடியுங்கோ என்று தானே சொல்லுகிற இடம் கிடைக்கப்போகிறது.

விருந்துக்கு நாள் குறித்தபோதுதான் இடி விழுந்தது. ஜூனில் எங்கள் அம்மன் கோயில் தேர். முந்தின மாரிக் குளிரில் என் மனைவி வசந்திக்குக் கண்ணில் ஒப்பரேசன் நடந்தது. பார்வை திரும்பினால் தேரன்று காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். பார்வை திரும்பியது. ஆகவே பத்து நாள் விரதம். மரக்கறிச் சாப்பாடு, ஒருநேரம், மது ஒரு சொட்டும் கூடாது. வைன் வட்டத்தின் விருந்து விழுந்தது விரதத்தின் எட்டாம் நாள். விருந்துக்கென்று ஒரு சின்னத் தோட்டத்திலிருந்து வரவேண்டிய புதிய ஃபியானோ, லொறி பிந்தி, விரதத்தின் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது. முப்பத்தாறு போத்தல். அந்த ஆண்டு வைனை நான் ருசி பார்த்ததே இல்லை.

ஒரு வாய் வைத்துத் துப்பினால் என்ன என்று வசந்தியிடம் கேட்டேன். அவள் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள்.

"துப்பினாலும் வாயில வச்சது வச்சதுதானே. ஆனா வேலை உங்கட. முடிவும் உங்கட."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த கண்ணைப் பார்த்தேன். முடிவு அங்கேயே எடுபட்டுவிட்டது.

அடுத்த நாள் அசுந்தாவிடம் போய் விசயத்தைச் சொன்னேன். ருசி பார்க்க அவர் இருக்கிறாரே என்ற தைரியத்தில்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். டொக்டர் ஒரு சொட்டும் கூடாது என்றிருக்கிறார். கடையில் வைன் தெரிந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் வாய்ப்பூட்டு. முதலாளி எதைக் குடித்தாலும் நல்லாயிருக்கு என்பார். சமையற்காரர் புகைத்துப் புகைத்து நாக்கைக் கருக்கி வைத்திருந்தார். அசுந்தா சிரிக்கத் தொடங்கினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

"சரி, மூக்கு ரெண்டு இருக்கு. அதுவும் எனக்கு இப்ப நாய் மூக்கு" என்றார்.

ஒரு போத்தலைத் திறந்து இரண்டு கிளாசில் ஊற்றி எதிரெதிரே இருந்தோம். கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைத்தார். ஊற்றியவுடன் தேசிக்காய்த் தோல் மணம் மட்டும் வந்தது. பத்து நிமிடத்தில் பெயர்ஸ் பழம், அதாவது பேரிக்காய். இருபது நிமிடத்தில் என் ஹாசல்நுஸ் வந்துவிட்டது. நாற்பதில் தேனும், மெல்லிய புகையும். ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதினேன். வெறும் வயிற்றுக்கு மூக்கு கூர்மை என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அவர் தேன் என்று சொல்லுமுன் நான் எழுதி முடித்திருந்தேன்.

பிறகு ஸ்பார்கெல். அதற்கு எந்த வைன் என்றாலும் சிக்கல்தான், அடியில் ஒரு கசப்பு இருக்கிறது. சமையற்காரர் முட்டையில் செய்யும் வழமையான மஞ்சள் சோசைப் புளிப்போடு ஊற்றப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். எங்கள் பனங்கிழங்கிலும் இப்படியொரு நார், இப்படியொரு கசப்பு. அதை யாராவது புளிவிட்டுச் சாப்பிடுகிறோமா? கீறிய தேங்காய்ச் சொட்டோடு கடிக்கிறோம். கொழுப்பும் கொட்டையும் அந்தக் கசப்பை அணைத்துப் பிடிக்கும். ஆகவே வெண்ணெயைப் பொன்னிறமாகக் காய்ச்சி, வறுத்து இடித்த ஹாசல்நுஸை மேலே தூவச் சொன்னேன். பக்கத்தில் ஒரு துண்டு சுட்ட மீன். பனங்கிழங்கு என்றால் என்னவென்று சமையற்காரருக்கு விளங்கவைக்க அரை மணித்தியாலம் பிடித்தது. செய்து பார்த்தவர் தட்டை வழித்துத் தின்றார்.

விருந்தில் மேசைக்கு மேசை வைக்க அசுந்தா ஓர் அட்டை அடிப்பார். வைனைப் பற்றி ஒரு வரி எழுதவேண்டும். நான் சொன்னேன்: வறுத்த ஹாசல்நுஸ், தேன், மெல்லிய புகை, கடைசியில் உப்பு. அவர் பேனையை நிறுத்தினார்.

"உப்பு மூக்குக்குத் தெரியாது, தவா."

"இந்தத் தோட்டத்தின்ர வைனிலை ஒவ்வொரு வருசமும் இருந்தது. இந்த வருசமும் இருக்கும். எழுதுங்கோ."

அவர் அதையும் எழுதினார்.

எட்டாம் நாள் ஆறு மணிக்கு நாற்பது பேரும் வந்தார்கள். ஜூன் மாத வெயில் இன்னும் தெருவில் நின்றது. வட்டத்தின் தலைவர் பிறூக்னர் என்றொருவர், வைன் வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர், வெள்ளைத் தாடி. ஸ்பார்கெலுக்கு எங்கள் நாட்டு வைன்தான், ஆனாலும் பார்ப்போம் என்று தொடக்கத்திலேயே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் போத்தல்களை மேசை வாரியாக நேரம் குறித்து வெளியே எடுத்து வைத்திருந்தேன். ஸ்பார்கெல் வரும்போது கிளாசில் ஹாசல்நுஸ் வந்திருக்கவேண்டும், அதுதான் கணக்கு. ஒவ்வொரு தக்கையையும் மணந்து, ஒவ்வொரு கிளாசையும் மணந்து ஊற்றிக்கொண்டு வந்தேன். முதலாளி பாருக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

பிறூக்னரின் மேசைக்கு இரண்டாவது போத்தல் திறந்தேன். தக்கையில் ஒன்றுமில்லை. கிளாசில் ஏதோ ஒன்று. மழையில் நனைந்து காய்ந்த காட்போட் பெட்டி, அதுவும் எங்கோ தூரத்தில். நான் யோசிக்குமுன் பிறூக்னர் கையை நீட்டி அந்தக் கிளாசை எடுத்து ருசி பார்த்தார். "நல்லது, ஊற்றுங்கள்" என்றார்.

நான் ஊற்றவில்லை. போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஊற்றினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஊற்றாவிட்டால் நாற்பது பேருக்கு முன்னால் அவருடைய நாக்கைப் பிழை என்று சொல்கிறேன். மன்னிக்கவேண்டும், ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சாம்பிராணி ஐயா என்ற பட்டம்தான் காதில் கேட்டது. அசுந்தா பின்னால் வந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். விரல் விரலாக மணந்தார்.

"கையில ஒண்டுமில்லை" என்றார். பிறகு அந்தப் போத்தலிலிருந்து ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றி மணந்தார். இன்னொரு முறை மணந்தார். "எனக்குத் தெரியேல்லை. உனக்குத் தெரியுதெண்டா போய்ச் சொல்லு."

நாய் மூக்குக்கே தெரியாதது எனக்குத் தெரிகிறது என்றால் எனக்குத்தான் பைத்தியமா என்றும் நினைத்தேன். ஆனாலும் புதிதாக ஒரு போத்தல் திறந்து எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு கிளாசை பிறூக்னர் முன்னால் வைத்து, பழையதை ஒன்றிலும் புதியதை மற்றதிலும் ஊற்றினேன். இது பழுது ஐயா, இதை நான் பரிமாறமாட்டேன் என்றேன்.

"நீங்கள் ருசி பார்த்தீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"நான் விரதம். இன்னும் ரெண்டு நாளைக்கு என்ர வாயிலை படக்கூடாது."

மேசையில் ஒருவர் சிரித்தார். பிறூக்னர் சிரிக்கவில்லை. ருசி பார்க்காதவன் தனக்குச் சொல்கிறானா என்பதுபோல நிமிர்ந்து பார்த்தார். முதலாளி பாரைவிட்டு வெளியே வருவது என் கடைக்கண்ணில் பட்டது. வைன் குளிராக இருக்கிறது, குளிரில் அந்தப் பழுது ஒளிந்து நிற்கும், பத்து நிமிடம் தொடாமல் வைத்திருங்கள் என்றேன். சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு ஊற்றப் போனேன். அந்தப் பத்து நிமிடம் என் வாழ்க்கையில் மிக நீளமானது. அம்மாளாச்சி என்று சொல்லிச் சொல்லி ஊற்றினேன். ஒரு சொட்டு விரிப்பில் விழவில்லை.

ஸ்பார்கெல் தட்டுகள் வந்தன. பிறூக்னர் முதலில் பழைய போத்தலின் கிளாசை எடுத்து மணந்தார். கிளாசை இறக்கினார். திரும்ப எடுத்து மணந்தார். பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார், அவர் முகத்தைச் சுளித்தார். அந்தக் கிளாஸ் மேசையைச் சுற்றி வந்தது. பிறகு இரண்டாவது கிளாசை எடுத்து, ஸ்பார்கெலில் ஒரு துண்டு வெட்டி வெண்ணெயில் தோய்த்து வாயில் வைத்து, மென்று, குடித்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எழுந்து கத்தியால் கிளாசைத் தட்டினார். நாற்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நாற்பது வருடம் வைன் விற்றவன் நான். இந்தப் பழுதை இன்று நான் விழுங்கிவிட்டேன். விரதம் இருக்கிற இந்த மனிதர் உங்களை விழுங்க விடவில்லை. ஸ்பார்கெலைப் பற்றியும் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

கைதட்டினார்கள். சும்மா மரியாதைக்கு அல்ல, கதிரையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினார்கள். எனக்குப் பெருமை பொங்கியது. மறைக்கத் தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதலாளி திரும்பிப் பாருக்குப் பின்னால் போய், கட்டியிருந்த கையை அவிழ்த்து அவரும் தட்டினார். போகும்போது மிச்சமிருந்த போத்தல்களையும் அவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் அந்த ஆண்டு ஃபியானோ ஒன்றும் மிஞ்சவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உப்பு இருந்ததா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவு கைதட்டு வாங்கியவன் போய் அதைக் கேட்பானா?

இரண்டு நாள் கழித்துக் காவடி எடுத்தேன். அடுத்த வாரம் முதலாளி புதிய வைன் பட்டியலை அடித்துக்கொண்டு வந்தார். முதற்பக்கத்தின் அடியில், வைன் தெரிவு தவராசா என்று போட்டிருந்தது. வசந்தி அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, கண்ணாடி இல்லாமல், எழுத்தெழுத்தாக வாசித்தாள். நான் ஓய்வு பெறும்வரை அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. பிறூக்னர் ஒவ்வொரு ஜூனிலும் வந்து, இன்றைக்கு நீங்கள் விரதமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

இன்னும் ஒன்று பாக்கி. அடுத்த கோடையில் ஒருநாள் மத்தியானம், கடை திறக்குமுன், அசுந்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நேரே நிலக்கீழ் அறைக்குப் போய், பின்தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்துவந்தார். அன்றைய ஃபியானோவில் ஒன்றை எங்களுக்கென்று ஒளித்து வைத்திருந்தாராம். போத்தலின் கழுத்தில், விருந்தன்று மேசையில் வைத்த அந்த அட்டையை நூலால் கட்டியிருந்தார். பிள்ளையை என்னிடம் தந்து, கத்தியை உதட்டுக்குக் கீழே ஓட்டி, தக்கையைச் சத்தமில்லாமல் இழுத்தார். இருபது நிமிடம் பொறுத்தோம். பிள்ளை என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

நாற்பது பேருக்கு நாங்கள் சத்தியம் செய்து கொடுத்த வைனை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயில் வைத்தோம். ஹாசல்நுஸ் இருந்தது. தேன் இருந்தது. புகையும் இருந்தது. விழுங்கியபின் அசுந்தா அசையாமல் நின்றார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன். அவர் நாக்கால் உதட்டை ஒருமுறை தடவினார்.

"உப்பு" என்றார்.